ஆய்வகத்தின் சாவி யாரிடம்?

பொறியியல் கலந்தாய்வு தொடங்கும் நாள்களில் என்னைப் போன்ற ஆசிரியர்களின் கைப்பேசி ஓய்வதில்லை. எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு, வளாகத் தேர்வில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, விடுதிக் கட்டணம் எவ்வளவு என்று ஆண்டுதோறும் ஒரே விதமான கேள்விகளே வரும். இவ்வாண்டு ஒரு மாணவி வேறொன்றைக் கேட்டார். எங்கள் தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவரின் மகள் அவர். அரசுப் பள்ளியில் படித்தவர். பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதல் நடைமுறையில் உள்ள 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டில் அவருக்கு நல்ல இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. தந்தையுடன் வந்து அமர்ந்தவர், "சார், எந்தக் காலேஜ்ல சேர்ந்தா படிக்கும்போதே ஆராய்ச்சி செய்யலாம்? பெரிய யுனிவர்சிட்டியிலயா, ஊருக்குப் பக்கத்துல இருக்குற சின்னக் காலேஜ்லயா?" என்றார்.

இக்கேள்விக்கு எளிதாக விடை சொல்லக்கூடிய தகுதி எனக்கு உண்டு என்றே நினைத்திருந்தேன். தருமபுரி மாவட்டத்தில் ஒரு சிறிய சுயநிதிக் கல்லூரியில் பதினோரு ஆண்டுகள் கட்டடப் பொறியியல் கற்பித்தேன். அதன் பின்னர் சென்னையில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் ஒன்பது ஆண்டுகள். இரு கரைகளையும் கண்டவன். எனினும் அன்று நான் சொன்ன விடை பாதி விடைதான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

எது ஆராய்ச்சி?

இளநிலைப் பொறியியலில் ஆராய்ச்சி என்றவுடன் பலருக்கும் உலகத்தை மாற்றும் கண்டுபிடிப்பு நினைவுக்கு வருகிறது. அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இல்லாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு நேர்மையான முறையில் விடை தேடுவதே ஆராய்ச்சி. அந்தக் கேள்வி சிறியதாக இருக்கலாம். ஓர் ஊரின் கிணற்று நீரைப் பற்றியதாக இருக்கலாம். ஆனால், விடை முன்கூட்டியே தெரிந்திருக்கக் கூடாது. பாடத்திட்டத்தின் செய்முறை வகுப்புக்கும் ஆய்வுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. செய்முறை வகுப்பில் தவறான எண் வந்தால் மாணவர் அதை அழித்துவிட்டு, பக்கத்துக் குழுவின் எண்ணை எழுதிக்கொள்கிறார். ஆய்வில் அந்தத் தவறான எண்தான் வேலையின் தொடக்கம்.

இதற்கு நான்கு தேவைகள் உண்டு: ஒரு கேள்வி, அதைச் சோதிக்கும் கருவி, முன்னர் பிறர் கண்டதைப் படித்தறியும் வசதி, தவறும்போது அருகில் அமர்ந்து பார்க்க ஒருவர். பெரிய நிறுவனம், சிறிய நிறுவனம் என்ற விவாதம் முழுவதும், இந்த நான்கில் எது எங்கே கிடைக்கும் என்பதில் அடங்கிவிடும்.

பெரிய நிறுவனங்களின் வலிமையும் வரிசையும்

கருவியும் நூலகமும் பெரிய நிறுவனங்களின் பக்கம் என்பதில் ஐயமில்லை. எலெக்ட்ரான் நுண்ணோக்கி, காற்றுச்சுரங்கம், பெரிய கணினித் தொகுதி போன்றவற்றைச் சிறிய கல்லூரி வாங்கவும் இயலாது, பராமரிக்கவும் இயலாது. நான் பணிபுரியும் வளாகத்தில் ஒரு மாணவர் நினைத்தால், ஒரே தாழ்வாரத்தில் ஐந்து வெவ்வேறு ஆய்வுக் குழுக்களின் கதவைத் தட்டலாம். வெளிநாட்டுப் பேராசிரியர்களின் உரையைக் கேட்கலாம். உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும்போது அறியப்பட்ட பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் கிடைக்கலாம்.

ஆனால், கதவைத் தட்டுவோரின் வரிசை நீளமானது. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு முனைவர் பட்ட மாணவர்கள் வரை வழிநடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் இடமளிக்கின்றன. அவர்களுக்குப் பின் முதுநிலை மாணவர்கள். அவர்களுக்கும் பின்னரே இளநிலை மாணவர். கருவியின் பதிவேட்டில் இரவு பத்து மணிக்கு மேல் ஏதேனும் ஒரு நேரம் காலியாக இருந்தால் அது அவருக்கு. பெரிய நிறுவனத்தில் சேர்ந்த மாணவர்களில் சிலர் முதலாண்டிலேயே ஆய்வகத்துக்குள் நுழைந்துவிடுகிறார்கள். பலர் நான்கு ஆண்டுகளும் அதன் கண்ணாடிக் கதவைக் கடந்து வகுப்புக்குச் சென்று, பட்டம் பெற்று வெளியேறுகிறார்கள். நுழைந்தவருக்கும் நுழையாதவருக்கும் மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. கேட்கத் தெரிந்திருந்தது என்பதே வேறுபாடு. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் கேட்கும் வித்தை வீட்டிலேயே கைவந்துவிடுகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, பேராசிரியரின் அறைக்கதவைத் தட்டுவது காவல் நிலையத்தின் வாசலை மிதிப்பதற்கு ஒப்பானது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்த இளநிலை மாணவருக்குப் பெரும்பாலும் வழிகாட்டுபவர் பேராசிரியர் அல்லர். மூன்றாம் ஆண்டு முனைவர் பட்ட மாணவரே. இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. பழுதான கருவியைத் தன் கையால் பிரித்துப் பூட்டியவர் அவர். அண்மையில் தோற்றவரும் அவரே. நல்ல ஆய்வு மாணவர் ஒருவரிடம் இரண்டு மாதங்கள் உதவியாளராக இருப்பது, நான்கு பாடங்களுக்குச் சமம். ஆனால், வழிகாட்டும் மனம் இல்லாதவர் வாய்த்துவிட்டால், இளநிலை மாணவர் தரவுகளை அட்டவணையில் ஏற்றும் எழுத்தராக முடிந்துபோவார். இரண்டையும் நான் கண்டிருக்கிறேன்.

அமெரிக்காவின் சிறிய கல்லூரியும் நம்முடையதும்

சிறிய கல்லூரியே இளநிலை மாணவரின் ஆய்வுக்கு உகந்தது என்ற கருத்து அமெரிக்காவில் வலுவாக உண்டு. அதற்கு அடிப்படையும் உண்டு. கலிபோர்னியாவில் உள்ள ஹார்வி மட் கல்லூரியில் மொத்தமே ஏறத்தாழ 900 மாணவர்கள். முனைவர் பட்டப் படிப்பு கிடையாது. எனவே, அங்குள்ள பேராசிரியர் ஆய்வு செய்ய விரும்பினால், இளநிலை மாணவரையே துணைக்கு அழைத்தாக வேண்டும். 1963 முதல் அக்கல்லூரியில் 'கிளினிக்' என்றொரு பாடம் நடைபெற்று வருகிறது. தொழில் நிறுவனம் ஒன்று தன் உண்மையான சிக்கலைக் கொண்டுவர, மாணவர் குழு ஓராண்டு முழுவதும் ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டுதலில் அதற்குத் தீர்வு தேடுகிறது.

பெரிய நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1969ஆம் ஆண்டு இயற்பியலாளர் மார்கரெட் மெக்விகர், இளநிலை மாணவர்களைப் பேராசிரியர்களின் ஆய்வில் நேரடியாகச் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கினார். மாணவர் அந்த உழைப்புக்கு மதிப்பெண் தகுதியோ ஊதியமோ பெறலாம். இன்று அங்கு படிப்போரில் பெரும்பான்மையோர் ஒருமுறையேனும் இதில் பங்கேற்கின்றனர். சிறியதும் பெரியதும் வெவ்வேறு வழிகளில் ஒரே இடத்தை அடைந்திருக்கின்றன. மாணவர் ஆய்வுக்குச் செலவிடும் நேரம் இரண்டிலும் கணக்கில் ஏறுகிறது என்பதே பொதுவான கூறு. ஆய்வு, ஓய்வு நேரத்துச் சேவையாக விடப்படவில்லை.

இந்த ஒப்பீட்டை அப்படியே பெயர்த்து நம் ஊரில் நடுவதில்தான் சிக்கல். அங்கே சிறிய கல்லூரி என்றால் குறைந்த மாணவர், நிறைந்த ஆசிரியர், அறக்கட்டளை நிதி. இங்கே சிறிய கல்லூரி என்றால் பெரும்பாலும் சேர்க்கை குறைந்த, நிதி நலிந்த இணைப்புக் கல்லூரி. 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் இப்போதைய அளவு. 2018 வரை அது 15 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்று இருந்தது. தளர்த்தப்பட்ட அந்த அளவும் ஏட்டளவில் நிற்கும் இடங்கள் உண்டு. ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் முழுநேரப் பணியாளராகக் காட்டப்பட்டிருந்தது 2024ஆம் ஆண்டு வெளிச்சத்துக்கு வந்து, தமிழ்நாடே பேசியது. அதை ஊழல் செய்தியாகப் படித்துவிட்டு நகர்ந்தோம். காகிதத்தில் மட்டுமே இருக்கும் ஆசிரியரிடம் எந்த மாணவர் போய்த் தன் கேள்வியைக் கேட்பார் என்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

உள்ள ஆசிரியரின் பொழுதும் அவருடையதன்று. நான் சிறிய கல்லூரியில் இருந்தபோது வாரத்துக்கு 24 மணி நேரம் வகுப்பு. அதற்கு மேல் தேர்வுப் பணி, அங்கீகாரக் குழுவுக்கான கோப்புகள். கோடையில் சேர்க்கைக்காக ஊர் ஊராகப் பள்ளிகளுக்குச் சென்று துண்டறிக்கை கொடுத்ததும் உண்டு. ஒரு மே மாதம் பாலக்கோட்டுப் பேருந்து நிலையத்தில் துண்டறிக்கைக் கட்டோடு நின்றுகொண்டிருந்தபோது, என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் மூன்றாம் இயல் பையிலேயே இருந்தது. அதைத் திறக்க அந்தக் கோடையில் எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

நான் இட்ட கையெழுத்து

இந்தச் சூழலில் இறுதியாண்டுத் திட்டப்பணி என்ன ஆகும்? விடை பலருக்கும் தெரியும், சொல்வதற்குத்தான் தயக்கம். நகரங்களில் 'புராஜெக்ட் சென்டர்' என்ற பெயர்ப்பலகைகள் வெளிப்படையாகவே தொங்குகின்றன. தலைப்பு, அறிக்கை, மென்பொருள், மாதிரி, வாய்மொழித் தேர்வில் கேட்கப்படும் கேள்விகளுக்கான பயிற்சி என எல்லாம் விலைக்குக் கிடைக்கும். கூடுதலாகப் பணம் கட்டினால், ஒரே வாரத்தில் கட்டுரையை வெளியிடும் 'பன்னாட்டு' ஆய்விதழ் ஒன்றும் சேர்ந்து கிடைக்கும்.

2012ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூன்று மாணவர்கள் என் மேசையில் அத்தகைய அறிக்கை ஒன்றை வைத்தார்கள். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடச் சட்டகம் பற்றியது. அதில் இருந்த கணக்கீட்டில் ஒரு வரியையும் அவர்களால் விளக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அது விலைக்கு வாங்கியது என்றும் தெரியும். என் மேற்பார்வையில் நடந்த அசல் பணி என்ற சான்றிதழின் கீழ் நான் கையெழுத்திட்டேன். மறுத்திருந்தால் மூவரின் பட்டமும் ஓராண்டு தள்ளிப்போயிருக்கும். அவர்களுக்கு அந்தப் பருவத்தில் நான் ஒதுக்கியிருந்த நேரம் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இராது. வழிகாட்டாத ஆசிரியன் எந்த உரிமையோடு மறுப்பான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அவர்களில் ஒருவரை நான்கு ஆண்டுகளுக்குப் பின் சேலம் ரயில் நிலையத்தில் சந்தித்தேன். கட்டுமான நிறுவனம் ஒன்றின் நேர்காணலில், "உங்கள் திட்டப்பணியை விளக்குங்கள்" என்று கேட்டார்களாம். "வாயே திறக்க முடியல சார். அப்பதான் முதல்தடவையா அந்த ரிப்போர்ட்டைப் படிச்சிருக்கலாமேன்னு தோணுச்சு" என்று சிரித்தபடியே சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

நாற்பது பாட்டில் தண்ணீர்

அதே கல்லூரியில், மறு ஆண்டே வேறொன்றும் நடந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி என்பது நீண்டகாலச் சிக்கல். பற்களில் கறை படிவதில் தொடங்கி எலும்பைப் பாதிப்பது வரை அதன் விளைவுகள் உண்டு. 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கமே ஃபுளூரைடு பாதிப்பைத் தணிப்பதுதான். மூன்றாமாண்டு மாணவி ஒருவர், தன் ஊரில் குழாய் நீர் வராத நாள்களில் மக்கள் இன்னும் பழைய கைப்பம்பு நீரையே குடிப்பதாகச் சொன்னார். "மழைக்கு முன்னாடியும் பின்னாடியும் அந்தத் தண்ணி ஒரே மாதிரிதான் இருக்குமா சார்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அதனாலேயே அது நல்ல கேள்வி.

பாடத்திட்டத்துக்காக வாங்கி வைத்திருந்த ஒளிமானி ஒன்று எங்கள் சுற்றுச்சூழல் ஆய்வகத்தில் இருந்தது. அதைக் கொண்டு நிறமாற்ற முறையில் ஃபுளூரைடை அளக்கலாம். அவரும் அவருடைய தோழிகள் இருவரும் நாற்பது கிணறுகளிலிருந்தும் பம்புகளிலிருந்தும் நீர் எடுத்து வந்தார்கள். பழைய கண்ணாடிப் பாட்டில்களில் எடுத்திருந்தார்கள். ஃபுளூரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடும் என்பதால் பாலித்தீன் பாட்டிலில்தான் எடுக்க வேண்டும் என்பதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. நாற்பதையும் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்கினோம். அந்த மாணவி அன்று அழுதார். ஆனால், பாட்டிலின் மேல் நாள், நேரம், இடம், எடுத்தவர் பெயர் எழுதும் வழக்கத்தை அதன் பிறகு அவர் ஒருநாளும் விட்டதில்லை.

எங்களுக்குப் பெரிய தடையாக இருந்தது கருவியன்று, கல்லூரிப் பேருந்து. மாலை 4.15க்கு அது கிளம்பிவிடும். அதற்குள் ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்தாக வேண்டும். பெண் பிள்ளைகள் பேருந்தைத் தவறவிட்டால் பொறுப்பு யார் என்று நிர்வாகம் கேட்டதில் நியாயம் இருந்தது. கடைசியில் ஆய்வக உதவியாளர் ஒருவர் வாரம் இரண்டு நாள் ஏழு மணி வரை இருக்க ஒப்புக்கொண்டார். சாவி அவர் கைக்கு வந்தது. நகரப் பேருந்தில் அம்மூவரையும் ஏற்றிவிட்ட பின்னரே அவர் வீட்டுக்குச் செல்வார். அவருக்கு அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. அந்த ஆய்வின் உண்மையான புரவலர் அவர்தான்.

அடுத்த கோடையில் அம்மாணவிக்கு, நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து வழங்கும் கோடைகால ஆய்வு நல்கை கிடைத்தது. இரண்டு மாதங்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்தார். ஃபுளூரைடை மட்டும் உணரும் மின்முனைக் கருவியைக் கொண்டு எங்கள் மாதிரிகளை மீண்டும் அளந்தார். நீரில் கரைந்துள்ள பிற உப்புகள் எங்கள் முறையின் அளவீட்டைச் சில இடங்களில் பிறழச் செய்திருந்தன. ஏழு எண்களைத் திருத்தினோம். ஆனால், அடிப்படை முடிவு நின்றது: மழைக்குப் பின் எல்லாக் கிணறுகளிலும் அளவு குறையவில்லை, சிலவற்றில் ஏறியிருந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பை மீறிய பம்புகளில் ஒன்று, அங்கன்வாடிக்கு எதிரில் இருந்தது. ஊராட்சித் தலைவரிடம் தாளைக் கொடுத்தோம். அந்தப் பம்பில் 'குடிக்க உகந்ததல்ல' என்ற பலகை ஏறியது.

இந்த ஆய்வைப் பெரிய பல்கலைக்கழகம் தனியே செய்திருக்க முடியுமா? கருவி இருந்திருக்கும். அந்தப் பம்புத் தண்ணீரைக் குடித்து வளர்ந்து, அதைப் பற்றிக் கேட்கும் மாணவி இருந்திருக்க மாட்டார். சிறிய கல்லூரி தனியே முடித்திருக்க முடியுமா? ஏழு பிழைகளோடு முடித்திருப்போம். இரண்டும் சேர்ந்தபோதுதான் அது ஆய்வாயிற்று.

இரண்டு செயற்கைக்கோள்கள்

இந்தச் சேர்க்கைக்கு இன்னும் பெரிய சான்று நம் வானத்திலேயே உண்டு. 2009 ஏப்ரல் 20 அன்று, அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய 'அனுசாட்' விண்ணில் செலுத்தப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அது. எடை 40 கிலோ. பெரிய பல்கலைக்கழகத்தின் ஆற்றலுக்கு அது அடையாளம். 2010 ஜூலை 12 அன்று 'ஸ்டட்சாட்' என்ற மற்றொன்று சென்றது. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அதை உருவாக்கியவர்கள் பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களைச் சேர்ந்த ஏழு பொறியியல் கல்லூரிகளின் இளநிலை மாணவர்கள். எந்த ஒரு கல்லூரியாலும் தனித்துச் செய்ய முடியாததை ஏழும் பகிர்ந்து செய்தன. இரண்டு முயற்சிகளுக்கும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் துணை நின்றது. தன் கதவைத் திறந்து வைத்தது.

திறந்த கதவு என்றதும் சி.வி.ராமன் நினைவுக்கு வருகிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, 1906இல், அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை லண்டன் இதழ் ஒன்றில் வெளிவந்தது. பின்னர் கொல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாகப் பணியாற்றிக்கொண்டே, அலுவல் நேரம் தவிர்த்த பொழுதுகளில், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் உழைத்தார். தன் பணியோடு தொடர்பில்லாத ஓர் அரசு அதிகாரிக்கு அந்தக் கழகம் தன் ஆய்வகத்தைத் திறந்துவிட்டது. எங்கள் ஆய்வக உதவியாளர் செய்ததும் அளவில் சிறிதாயினும் அதே செயல்தான்.

தட்டக்கூடிய கதவுகள்

சிறிய கல்லூரியில் சேரும் மாணவருக்கு இன்று பயன்படக்கூடிய வழிகள் சில உள்ளன. மூன்று அறிவியல் கழகங்களின் கோடைகால நல்கையை முன்னரே குறிப்பிட்டேன். அது மாணவர்களுக்கு மட்டுமன்றி ஆசிரியர்களுக்கும் உரியது. சென்னை ஐஐடி, பிற நிறுவனங்களின் மாணவர்களுக்கெனக் கோடையில் இரண்டு மாத ஆய்வு நல்கை அளிக்கிறது. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் திட்டப்பணிகளுக்குச் சிறு நிதி வழங்குகிறது. தொகை சிறிதாயினும் பாலித்தீன் பாட்டில்களுக்கும் வேதிப்பொருள்களுக்கும் அது போதும். விலையுயர்ந்த கருவிகளைப் பொறுத்தவரை, சென்னை ஐஐடியில் உள்ள நுண்பகுப்பாய்வுக் கருவி மையம் போன்றவை கட்டணத்துக்கு வெளி மாதிரிகளைச் சோதித்துத் தருகின்றன. நாடெங்கிலும் உள்ள ஆய்வுக் கருவிகளைப் பகிர்ந்துகொள்ள 'ஐ-ஸ்டெம்' என்ற தேசிய இணையவாயில் இருக்கிறது.

ஒரு கதவு மட்டும் பாதி திறந்திருக்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைப் படிக்க, மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மிக நல்ல திட்டம். ஆனால், அதன் முதற்கட்டம் அரசு நிறுவனங்களுக்கே உரியது. தமிழ்நாட்டின் பொறியியல் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் படிப்பது சுயநிதிக் கல்லூரிகளில். முன்னர் பிறர் கண்டது என்ன என்று தெரியாமல் ஆய்வு செய்யச் சொல்வது, கிணற்றுக்கு அருகில் இன்னொரு கிணறு தோண்டச் சொல்வது போன்றது.

அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை, இளநிலை மாணவர்களுக்கான கோடைகால ஆய்வுத் திட்டத்துக்குப் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு நிதி தரும்போது, ஒரு நிபந்தனை விதிக்கிறது. சேர்க்கப்படுவோரில் கணிசமானோர் வெளி நிறுவனங்களிலிருந்து வர வேண்டும். ஆய்வு வாய்ப்புக் குறைந்த கல்லூரிகளின் மாணவர்களுக்கு உரிய இடம் தர வேண்டும். பொதுப் பணத்தில் வாங்கிய கருவி அந்த வளாகத்துக்கு மட்டும் சொந்தமன்று என்ற கொள்கை அதில் இருக்கிறது. நம் மாநிலத்தில் அரசு நிதியில் இயங்கும் ஒவ்வொரு பெரிய ஆய்வகமும், கோடைதோறும் தன் மாவட்டத்திலும் அண்டை மாவட்டங்களிலும் உள்ள இணைப்புக் கல்லூரிகளின் மாணவர்கள் சிலரை ஏற்க வேண்டும் என்று விதி செய்ய, புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இணைப்புக் கல்லூரிகளில் திட்டப்பணிக்கு வழிகாட்டும் நேரத்தை ஆசிரியரின் வாராந்திரப் பணிச்சுமையில் முழுமையாகக் கணக்கிடவும் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். விலைக்கு வாங்கும் திட்டப்பணியைப் பறக்கும் படையால் ஒழிக்க முடியாது. வழிகாட்ட ஆசிரியருக்கு நேரம் இருக்கும் இடத்தில் அது தானே வாடிக்கையாளரை இழக்கும்.

என்ன கேட்க வேண்டும்?

சேர்க்கைக்குச் செல்லும் மாணவரும் பெற்றோரும், தரவரிசையையும் வேலைவாய்ப்பு எண்ணிக்கையையும் கேட்பதோடு, இன்னும் சிலவற்றைக் கேட்க வேண்டும். கடந்த ஆண்டு இறுதியாண்டு மாணவர்கள் செய்த திட்டப்பணி அறிக்கைகளை நூலகத்தில் பார்க்கலாமா? அதே தலைப்பு மூன்று ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறதா? துறையில் உள்ள ஆசிரியர்களில் எத்தனை பேர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே பணிபுரிகிறார்கள்? ஆண்டுதோறும் ஆசிரியர் மாறும் துறையில் எந்த ஆய்வும் வேர்விடாது. கோடை நல்கை பெற்று வெளியே சென்று வந்த மாணவர் ஒருவரையேனும் சந்திக்க முடியுமா? ஆய்வகம் எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது?

பெரிய நிறுவனத்தில் இடம் கிடைத்தவருக்கும் ஓர் அறிவுரை உண்டு. முதலாண்டின் இரண்டாம் பருவத்திலேயே ஆய்வு மாணவர் ஒருவரைத் தேடிச் சென்று, "உங்கள் வேலையில் நான் எதைக் கற்றுக்கொள்ளலாம்?" என்று கேளுங்கள். பாட்டில் கழுவச் சொன்னால் கழுவுங்கள். மூன்று மாதம் கழிந்தும் பாட்டில் மட்டுமே கழுவிக்கொண்டிருந்தால், அடுத்த கதவுக்குச் செல்லுங்கள்.

இவற்றையெல்லாம் அன்று அந்த மாணவியிடம் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை. பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் விட்டுவிடாதே, கிடைக்காவிட்டால் அஞ்சாதே, எங்கே சென்றாலும் உன் கேள்வியை நீயே கொண்டு போ என்று மட்டும் சொன்னேன். பிறகு கேட்க வேண்டிய கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். அதுவரை பேசாமல் இருந்த அவருடைய தந்தை, எழுந்து செருப்பை மாட்டும்போது கேட்டார்: "அப்ப காலேஜ் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும்னும் கேக்கணுமா சார்?"

கேளுங்கள் என்றேன். முதலில் அதைக் கேளுங்கள்.